புகைக்கூண்டைத் துடைக்கப்போவது யார்?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



அன்பார்ந்த தாய்மார்களே, சகோதரர்களே! வட்டி, வரதட்சணை, பிள்ளைகளின் படிப்பு என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்று விறகடுப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். பெண்கள் பகுதியில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. இன்றைய பேச்சில் பாதிக்கு மேல் ஆண்களுக்குத்தான்.

கேஸ் அடுப்பு இன்று அநேகமாக எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் சிலிண்டர் விலையை நினைத்து, டீக்கு மட்டும் கேஸ், வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகு என்று வைத்திருக்கும் வீடுகள் நம் மஹல்லாவிலேயே எத்தனையோ. சீமைக்கருவேலும் தென்னை மட்டையும் கிடைக்கிற வரை விறகடுப்பு இருக்கத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதன் புகை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

வீட்டுச் சமையல் புகையால் 2020-இல் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பீடியைக் கையால்கூடத் தொடாத பெண்களுக்கு நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு முக்கியமான காரணம் இந்த அடுப்புதான்.

‘புகைக்கூண்டு வைத்த அடுப்பாகக் கட்டிவிட்டால் போதுமே’ என்பீர்கள். அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது. 1980-களில் தொடங்கி நாடு முழுக்கப் புகையில்லா அடுப்புகள் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு ஒடிசாவில் கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் கட்டித்தந்த புகைக்கூண்டு அடுப்புகளை, 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோவும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். சுமார் 2,600 குடும்பங்களை நான்கு வருடம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பலனும் இல்லை. அடுப்பைப் பழுது பார்க்கவில்லை, ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, போகப்போக அதில் சமைப்பதே குறைந்துவிட்டது. அடுப்பைக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது அந்த வீட்டின் வேலை. தர்மம் செய்கிற நம்மைப் போன்றவர்களும் இதை மறந்துவிடுகிறோம்.

புகைக்கூண்டு ஏன் அடைகிறது? அப்போது வெட்டிய விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அடுப்பின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை விரட்டுவதிலேயே போய்விடுகிறது. சரியாக எரியாத புகை மேலே ஏறும்போது குளிர்ந்து, குழாயின் உள்பக்கம் கரியாகவும் கீலாகவும் ஒட்டிக்கொள்கிறது. நான்கு அங்குலக் குழாயில் சுற்றிலும் அரை அங்குலம் கரி பிடித்தால் வழி மூன்று அங்குலமாகிவிடும். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள், புகை போகிற வழியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அடைந்து போயிருக்கும். மிச்சப் புகை அடுப்பு வாய் வழியாகத் திரும்பி உங்கள் வீட்டம்மாவின் முகத்துக்குத்தான் வரும். அந்தக் கீல் தீப்பிடிக்கவும் செய்யும். பக்கத்தில் கூரைச் சாய்ப்பு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அதனால் தினமும் எரிக்கிற அடுப்பென்றால் மாதம் ஒரு தடவையாவது குழாயைத் துடைக்க வேண்டும். இது ஆண்களின் வேலை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாருக்கு வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நாம் மாதத்தில் ஒரு நாள் ஏணி ஏறக்கூடாதா?

முதல் நாள் இரவே அடுப்பை அணைத்துவிடுங்கள். ஏணியைச் சுவரில் சாய்த்து, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஓட்டின் மேலோ சிமெண்ட் ஷீட்டின் மேலோ கால் வைக்காதீர்கள், உடைந்து உள்ளே விழுந்துவிடுவீர்கள். குழாயின் குல்லாயைக் கழற்றிவிட்டு, நுனியில் கல் கட்டிய கயிற்றை உள்ளே இறக்குங்கள். கயிற்றின் நடுவில் தேங்காய் நார் உருண்டையைக் கட்டி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக இழுத்தால் கரி உதிர்ந்துவிடும். அடுப்பின் வாயை ஈரச் சாக்கால் மூடுங்கள், மூக்கில் துணி கட்டுங்கள். அஸ்பெஸ்டாஸ் குழாயாக இருந்தால் கம்பி போட்டுச் சுரண்டவே கூடாது. அந்தத் தூசி புற்றுநோயைக் கொண்டுவரும். நாரை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

தாய்மார்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடுப்புக்கும் கொடியடுப்புக்கும் நடுவிலுள்ள துவாரத்தில் சாம்பல் சேரும், வாரம் ஒரு முறை அகப்பையால் வாரிவிடுங்கள். கொடியடுப்பில் சட்டி இல்லையென்றால் அதை மூடிவையுங்கள், திறந்து கிடந்தால் புகை அந்த வழியாகவே வெளியே வந்துவிடும். வெடிப்பு விட்ட இடத்தில் செம்மண், மணல், உமி மூன்றையும் பிசைந்து பூசுங்கள். விறகை மழைக்கு முன்பே வாங்கி, பிளந்து, காயவைத்து எரியுங்கள்.

அள்ளிய சாம்பலுக்குள் நெருப்பு மறுநாள் வரை உயிரோடு இருக்கும். குப்பையில் கொட்டாமல், மூடியுள்ள தகர டின்னில் ஆறவிடுங்கள். தூங்கப் போகும்போது நெருப்பை அணைத்துவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. குளிருக்கு மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைப்பதும் வேண்டாம். 2024-இல் நம் மாவட்டத்துக் கொடைக்கானலிலேயே அப்படித் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவில்லை.

ஏணி, கயிறு, நார் உருண்டை மூன்றும் அறக்கட்டளை அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து எடுத்துப் போகலாம், வாடகை கிடையாது. மறுநாள் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள், அடுத்த வீட்டுக்காரர் காத்திருப்பார். தனியாக இருக்கும் விதவைத் தாய்மார்கள் பெயர் கொடுத்தால், நம் இளைஞர்கள் வீட்டுக்கே வந்து செய்து தருவார்கள், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.