கண்ணும் வாயும் காப்போம்
(மகாவீரர் வீடுபேற்றுத் திருநாளை முன்னிட்டு, நெய்வேலி நகரியக் குடும்பக் கூடலில் ஆற்றிய உரை)



சிற்றுயிருக்கும் ஊறு நேராமல் நிலம் நோக்கி நடப்பதை ஈரியா சமிதி என்கிறோம். எறும்பின்பால் காட்டும் அக்கறையை நம் கண்ணின்பாலும் காட்டுகிறோமா என்பதே என் வினா.

இளமையில் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் இரும்பைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தேன். பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் இருந்தது, கண்ணில் இல்லை. தெறித்த துகளை நண்பர் துணி நுனியால் எடுக்க முயன்றார். அவர் அன்பால் செய்தார்; என் கருவிழியிலோ தழும்பு நிலைத்துவிட்டது. இன்றும் இரவு விளக்குகள் அந்தக் கண்ணுக்குச் சிதறியே தெரிகின்றன.

சுரங்கமும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த ஊர் இது. தூசு விழுந்தால் கசக்காதீர். தூய நீரால் கழுவுங்கள். சுண்ணாம்போ அமிலமோ பட்டால், இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் நீரை ஓடவிட்ட பின்னரே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கூரிய பொருள் குத்தி நின்றால் பிடுங்கவும் வேண்டா, கழுவவும் வேண்டா. கண்ணை அழுத்தாதபடி காகிதக் குவளையால் மூடி, உணவு தராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். பற்றவைப்பு ஒளியைப் பார்த்தவருக்கு வலி சில மணி நேரம் கழித்தே, பெரும்பாலும் நள்ளிரவில், தொடங்கும்.

நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் நிலம் உண்டு. நெல் உமியோ கரும்புத் தோகையோ கீறிய கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு விடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கீறல் புண்ணாகி, புண் பார்வையைப் பறிக்கும். நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், 18 மணி நேரத்துக்குள் மருந்துக் களிம்பு இடப்பட்ட கீறல் எதுவும் புண்ணாகவில்லை. காலம் தாழ்த்தாமையே பாதி மருத்துவம். மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று நமக்கு அருகே புதுச்சேரியிலும் உள்ளது.

இனி வாய். பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் பிள்ளைகள் பச்சைக் கொட்டையைக் கடிப்பதுண்டு. அதன் ஓட்டுப்பால் உதட்டையும் நாவையும் பொத்துவிடும். உடனே நீரால் பலமுறை கொப்பளிக்கச் செய்யுங்கள்.

அண்டை வீட்டுச் சிறுவன், வயது பன்னிரண்டு, மிதிவண்டியிலிருந்து விழுந்தான். முன்பல் முழுதாய் வெளியே வந்தது. பாட்டியார் வழக்கப்படி அதைக் கூரைமேல் எறிந்துவிட்டார். பால்பல்லாயின் பரவாயில்லை, அது நிலைப்பல். நிலைப்பல் விழுந்தால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடியுங்கள். தேய்க்காமல் நீரில் அலசி, அதே குழியில் பொருத்துங்கள். இயலாவிடில் பாலில் இட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரை அடையுங்கள். மீண்டும் வேர்கொள்ள வாய்ப்புண்டு. உதடு கிழிந்தால் தூய துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

இத்திருநாளில் நாம் ஏற்றுவது தீபம். வெடி சிற்றுயிர்களை மாய்க்கும். வேடிக்கை பார்க்கும் குழந்தையின் கண்ணையும் பறிக்கும். ஆகவே பட்டாசு தவிர்ப்போம்.

உணவு, மருந்து, கல்வி, அபயம் என நான்கு தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். பட்டறைக்குப் புறப்படும் மகனிடம் கண்ணாடியை எடுத்துக் கொடுங்கள். அதுவும் அபய தானமே.