மலர் நூலும் ஊர் நூலும்

(தம்பலகாமத்தில் நடைபெற்ற மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அச்சுப் புத்தகத்தினால் நிதி திரட்டுதலும் வணிகம் வளர்த்தலும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். ‘இது வர்த்தக சங்கத்தார் பேச வேண்டிய விடயமன்றோ?’ எனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால், ஆண்டுதோறும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு, கந்தளாய் தொடக்கம் திருகோணமலைக் கடைத்தெரு வரைக்கும் விளம்பரம் கேட்டு அலைபவர்கள் யார்? நம் போன்ற மன்றத்து இளைஞர்கள்தாமே! ஆகவே அவ்வேலையை எவ்வாறு செய்கின்றோம், அதனால் யாருக்கு என்ன பயன் என்று ஆராய்வது தகும்.

நாம் ஒரு கடைக்குட் செல்லுகின்றோம். முதலாளி எம்மை ஏறிட்டுப் பார்க்கின்றார். எம்முள் ஒருவர் அவருக்கு உறவினர். இன்னொருவர் அவருடைய மகனோடு படித்தவர். அவர் மறுக்க முடியாமல் அரைப்பக்கத்துக்குப் பணம் தருகின்றார். நாமும் ‘மலர் சிறக்க வாழ்த்துகின்றோம்’ என்று போட்டு, அதன் கீழே கடையின் பெயரை அச்சிடுகின்றோம். அந்தப் பக்கத்தைக் கண்டு எவராவது அக்கடைக்குப் போய் ஒரு இறாத்தல் ஆணி வாங்கியதுண்டா? இல்லை. அது விளம்பரமன்று, நன்கொடை. நன்கொடை கேட்பதிலே வெட்கமில்லை. கோயிலுக்கும் பள்ளிக்கும் கேட்காமல் வேறெதற்குக் கேட்பது? ஆயினும் நன்கொடையை வியாபாரமென்று பெயரிட்டு வாங்குவது கொடுப்பவருக்கும் சுவையில்லை, வாங்குபவருக்கும் பெருமையில்லை.

அச்சுக்கூடத்தின் வலிமையை நம்மவர் யாரிடம் கற்றனர் என்பதை மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் மறைக்க வேண்டியதில்லை. 1820இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அச்சுத்தொழில் வல்லார் ஒருவர் யாழ்ப்பாணம் வந்தபோது, அக்காலத்து ஆங்கில ஆட்சியார் அவரை இங்கே தங்கவிடவில்லை. பதினான்கு ஆண்டுகளின் பின், 1834இல், மானிப்பாயில் மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியது. துண்டுப் பிரசுரங்கள் வீடுவீடாய் இலவசமாகப் போயின. 1841இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது. இவற்றையெல்லாம் அருகிருந்து கண்டவர் வெஸ்லியன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்த ஆறுமுகநாவலர். அவர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலையைத் தாபித்தார். மறு ஆண்டிலே அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டார். பாடசாலைக்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சுக்கூடம் வேண்டும். இந்த வரிசையை அவர் கண்டுகொண்டார். பெருநூல்களை அச்சிடும் செலவுக்கோ, இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர் போன்ற வள்ளல்களின் துணை கிடைத்தது. 1861இல் வெளிவந்த திருக்குறட் பரிமேலழகருரைப் பதிப்பு அத்தகையது.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டபோது வேறொரு வழியையும் கையாண்டார். புத்தகம் முடியுமுன்பே, அதனை வாங்குவதாக அன்பர்களிடம் கையொப்பம் சேர்த்தார். ஒரே செல்வரின் தயவிலே தங்கியிராமல், பலருடைய சிறு தொகைகளால் ஒரு பெருநூல் உருவாகும் வழி இது. நம்மூருக்கு இதுவே பொருந்தும் என்பது எம் கருத்து. இங்கே ஜமீன்தார் எவருமில்லை!

இனி மேல்நாட்டிலிருந்து மூன்று செய்திகளைக் கேளுங்கள். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது, 1864இல், பிலடெல்பியா நகரிலே காயமுற்ற போர்வீரரின் நலனுக்காக ஒரு பெருஞ் சந்தை கூட்டினார்கள். அதிலே விற்பதற்காக மரியா மொஸ் என்னும் பெண்மணி ஒரு சமையற் புத்தகம் தொகுத்துக் கொடுத்தார். அதன் பின்னர் அந்நாட்டுப் பெண்கள் சங்கங்கள் ஊருக்கு ஊர் சமையற் புத்தகம் அச்சிட்டு, தேவாலயங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பணம் சேர்த்தன. வாங்கியவர் தானமும் செய்தார். அடுப்படிக்கு ஒரு துணையும் பெற்றார்.

பிரான்சிலே ரயர் செய்யும் மிசெலின் சகோதரர்கள் 1900இல் ஒரு கைந்நூலை ஏறக்குறைய 35,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார்கள். அந்நாளில் அந்நாடு முழுவதிலும் மூவாயிரம் மோட்டார் வண்டிகள்கூட இருந்தனவல்ல. வண்டி எங்கே பழுதுபார்ப்பது, எங்கே உண்பது, எங்கே தங்குவது என்பன அதிலிருந்தன. மக்கள் வண்டியில் அதிகம் ஓடினால் ரயர் தேயும். தேய்ந்தால் புதிய ரயர் விற்கும். எவ்வளவு நுட்பமான கணக்கு! 1920இல் அவர்கள் அதற்கு விலை வைத்தார்கள். ஒரு வேலைத்தலத்தில் அந்நூற் பிரதிகளை மேசைக்கு முட்டுக்கொடுத்திருக்கக் கண்டதே காரணமென்று ஒரு கதையுண்டு. கதை மெய்யோ பொய்யோ, நம் மலர்ப் பிரதிகள் பலவற்றின் கதி நமக்குத் தெரியும்.

மூன்றாவது கின்னஸ் நிறுவனத்தின் கதை. அது பியர் வடிக்கும் நிறுவனம். இம்மன்றத்திலே அதன் பெயரைச் சொல்லலாமோ என்று தயங்கினோம். புத்தகத்துக்காகப் பொறுத்தருள்க. பறவைகளுள் விரைந்து பறப்பது எது என்று 1951இல் வேட்டைக்குச் சென்றவிடத்தில் ஒரு வாதம் எழுந்தது. இத்தகைய வாதங்களைத் தீர்க்க ஒரு நூல் இருந்தால் நன்றென்று அந்நிறுவனத்தின் தலைவர் எண்ணினார். 1954இல் ஆயிரம் பிரதிகளை இனாமாகக் கொடுத்தார்கள். 1955இல் விலைக்கு விட்டபோது, அது விற்பனையில் யாவற்றையும் முந்திக்கொண்டது.

இம்மூன்றிலும் பொதுவாயுள்ளது ஒன்று. படிப்பவனுக்கு அந்த நூல் தேவைப்பட்டது. கொடுத்தவரின் பெயர் அந்தத் தேவையின் முதுகிலே ஏறிச் சென்றது.

நம்மவர் இதை அறியாதவரல்லர். பஞ்சாங்கத்தைப் பாருங்கள். சுவரிலே ஆணியடித்துத் தொங்கவிட்டால் ஓராண்டு முழுவதும் அங்கேதான் இருக்கும். நாளும் நட்சத்திரமும் பார்க்கும்போதெல்லாம் கடைக்காரரின் பெயரும் கண்ணிற்படும். இன்னொன்று, அந்தியேட்டியன்று வழங்கும் கல்வெட்டு. இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவார திருவாசகம் எல்லாம் அதிலே இருக்கும். ஒரு குடும்பம் தன் செலவிலே தனக்கென்று அடிக்கும் புத்தகம் அது. அவற்றை எவரும் எறிவதில்லை. பெட்டியின் அடியிலே வைத்துப் பேணுகின்றார்கள். கோணேசர் கோயிலின் தொழும்பு முறைகளைக் கூறும் கவிராசவரோதயரின் நூலுக்கும் ‘கோணேசர் கல்வெட்டு’ என்பதே பெயர். கல்லிலே வெட்டாத எழுத்துக்கும் நம் முன்னோர் அப்பெயரை இட்டது யோசிக்கத் தக்கது.

இப்பொழுது நம்மூருக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கீசர் கோணமாமலைக் கோயிலை இடித்தனர். அங்கிருந்து காக்கப்பட்ட மூர்த்தங்களே பின்னர் இங்கு ஆதிகோணநாயகராய்ப் பிரதிட்டையாயின என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றோம். திருமலையிலே கோயில் மீண்டும் எழுந்து 1963இற் கும்பாபிஷேகம் கண்டது. நம் குளக்கோட்டன் கதையை, கந்தளாய்க் குளத்து நீர்ப்பங்கீட்டை, வயல்வெளிகளின் பெயர்களை, களத்திலே நெல்லென்று சொல்லாமல் ‘பொலி’ என்று சொல்லும் வழக்கத்தை, சூடு மிதிக்கும்போது மாடுகளைப் பார்த்துப் பாடிய பாட்டை, ஒருசேர எழுதி வைத்த நூல் ஒன்று நம் வீடுகளில் உண்டா? வெட்டும் இயந்திரம் வயலுக்குள் இறங்கிய பின்னர் சூடுமிதிப்பு இல்லை. மாடு போக, மாட்டோடு பாட்டும் போயிற்று. இவ்விரிகுடாவிலே மெல்லிய ஓட்டுச் சிப்பி எடுத்து, அதன் சிறு முத்தை விற்ற காலமொன்று இருந்தது. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் கந்தளாய் அணை உடைந்து வெள்ளம் உயிர்களை வாரிக்கொண்டு போனது. போர்க்காலத்து இடப்பெயர்வுகளையோ சொல்ல வேண்டியதில்லை. இவற்றைக் கண்ணாற் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள், ஆண்டுக்காண்டு குறைகின்றார்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவான நூல்கள் சாம்பராயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் இன்று பழைய கும்பாபிஷேக மலர்களையும் பாடசாலை மலர்களையும் கல்வெட்டுக்களையும் தேடித் தேடிச் சேர்க்கின்றது. ஏன்? பல ஊர்களின் வரலாறு அம்மலர்களிலேயே எஞ்சியிருக்கின்றது. கட்டடத்துக்குக் கூரை போடப் பணம் சேர்க்க அடித்த மலர், கூரை பழுதான பின்னரும் ஊரின் சாட்சியாய் நிற்கின்றது. அதிலுள்ள விளம்பரங்கூட, எந்த ஆண்டில் எந்தத் தெருவில் என்ன விற்றது என்பதைச் சொல்லுகின்றது.

ஆகையால் எம் வேண்டுகோள் இது: அடுத்த ஆண்டிலே வாழ்த்துச் செய்திகள் இருபது பக்கமும் வாழ்த்து விளம்பரங்கள் நாற்பது பக்கமுமாய் மற்றுமொரு மலர் வேண்டாம். தம்பலகாமத்து நூலொன்று அச்சிடுவோம். பெரும்போகம், சிறுபோகம் இரண்டுக்குமான விதைப்பு நாட்காட்டி ஒருபுறம். அதன் எதிர்ப்பக்கத்தில் உரமும் விதைநெல்லும் விற்பவரின் விளம்பரம். எருமைத் தயிர் பற்றிய கட்டுரையின் அடியிலே தயிர் விற்பவரின் பெயர், கடை இருக்கும் இடம், திறக்கும் நேரம். தாய்மாரின் சமையற் குறிப்புக்களோடு மளிகைக்கடை. முஸ்லிம் அயலவரும் சிங்கள அயலவரும் இவ்வயல்களிலே நம்மோடு நீர் பங்கிடுபவர்கள். அவர்களின் நினைவுகளும் கடைகளும் இதிலே இடம்பெற வேண்டும். அப்படியாயின், அரைப்பக்கம் வாங்கும் முதலாளியின் முன்னே நாம் தலைசொறிந்து நிற்க வேண்டியதில்லை.

கணக்கையும் சிறிது பார்ப்போம். உதாரணத்துக்கு 500 பிரதிகளுக்கு 2,00,000 ரூபா செலவாகும் எனக் கொள்வோம். ஒரு பிரதிக்கு 400 ரூபா. விளம்பரத்தால் 1,50,000 வந்தால் மீதி 50,000. புத்தகத்தை இனாமாகக் கொடுத்தால் அந்த 50,000மும் கைநட்டம். 500 ரூபா விலைவைத்து 300 பிரதி விற்றால், நட்டம் நீங்கி 1,00,000 கையில் நிற்கும். எஞ்சிய 200 பிரதியைப் பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் விளம்பரம் தந்தவர்களுக்கும் கொடுக்கலாம். இலண்டனிலும் கனடாவிலும் வாழும் நம்மூரவர் முன்கூட்டியே கையொப்பமிட்டால் அச்சுச் செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 2022இற் கடதாசித் தட்டுப்பாட்டாற் பத்திரிகைகளே அச்சை நிறுத்தின என்பதை மறவாமல், விளம்பரப் பணம் கைக்கு வந்த பின்னரே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘பிறகு தருகிறேன்’ என்ற பக்கம் பெரும்பாலும் மன்றத்தின் கடனாகவே முடியும்.

அச்சுப்பிழை திருத்த இருவர் வேண்டும். கட்டுரையிலுள்ள பிழையைப் படிப்பவர் மன்னிப்பார். நன்கொடையாளரின் தகப்பன் பெயரைப் பிழையாய் அச்சிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இராது! கடைசிப் பக்கத்திலே வரவு செலவுக் கணக்கையும் அச்சிடுவோம். இதைச் சிலர் விரும்பமாட்டார்கள் என்பது எமக்குத் தெரியும். ஆயினும் கணக்கைக் கண்ட முதலாளி மறு ஆண்டும் கதவைத் திறப்பார்.

விதைப்பு நாட்களையும் வயற்பெயர்களையும் சேர்ப்பது முதல் வேலை. முன்வரிசையில் இருக்கும் அப்புமாரும் ஆச்சிமாரும் ஒவ்வொரு போயா நாள் மாலையும் ஒரு மணி நேரம் எமக்குத் தந்தாற் போதும். கொப்பியும் பென்சிலும் நாமே கொண்டு வருவோம்.