பண்ணையார் ஆட்டமும் ஒரு எழுத்தரும்

(ஏற்காட்டில் நடந்த வாசிப்பு முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப் போறேன். இவ்வளவு பிரச்சினை இருக்கும்போது விளையாட்டா என்று கேட்கலாம். பரமபதம் எல்லாரும் ஆடியிருப்பீர்கள். ஏணி புண்ணியம், பாம்பு பாவம். கீழே கிடக்கிறவன் தன் வினையால் கிடக்கிறான் என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்த பலகை அது. விளையாட்டுக்குள்ளேயும் கருத்தியல் உண்டு.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு பலகை வரைந்தவர் லிஸ்ஸி மேகி. 1866இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா பத்திரிகைக்காரர், அடிமைமுறையை எதிர்த்தவர். மகள் வாஷிங்டனில் சுருக்கெழுத்தர். என்னை மாதிரி ஒரு கிளார்க் என்று வச்சுக்குங்க. பகலில் யாரோ சொல்வதை எழுதுவது, ராத்திரியில் தன்னுடையதை எழுதுவது. 1892இல் கவிதைத் தொகுப்பு போட்டார். கதை எழுதினார், மேடை ஏறி நடித்தார். தட்டச்சு இயந்திரத்தில் தாள் சுலபமாக நுழைய ஒரு கருவி செய்து, 1893இல் காப்புரிமையும் வாங்கினார்.

அப்பா கொடுத்த புத்தகம் ஒன்று அவரைத் திருப்பிப் போட்டது. ஹென்றி ஜார்ஜ் 1879இல் எழுதிய 'முன்னேற்றமும் வறுமையும்'. நிலத்தின் மதிப்பு ஊரே சேர்ந்து உண்டாக்கியது. அதை நிலக்காரன் மட்டும் விழுங்குவது அநியாயம். வரி போட்டு அதை ஊருக்கே திருப்பு என்பது ஜார்ஜின் வாதம். மேகி மாலை நேரங்களில் இதை வகுப்பெடுத்தார். நிறையப் பேரிடம் போய்ச் சேரவில்லை. அப்போதுதான் பலகையைக் கையில் எடுத்தார். 1904 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. பெயர் 'லேண்ட்லார்ட்ஸ் கேம்'. நம்ம பாஷையில் பண்ணையார் ஆட்டம்.

சுற்றி வரணும், நிலம் வாங்கணும், அடுத்தவன் கட்டத்தில் கால் வச்சா வாடகை கட்டணும். ஒரு சுற்று முடித்தால் கூலி 100. ஒரு மூலையில் சிறை, இன்னொரு மூலையில் ஏழைகள் விடுதி. இதற்கு இரண்டு விதமாக விதி எழுதினார். ஒன்றில் ஒருத்தன் கொழுத்து மற்றவர் எல்லாம் ஓட்டாண்டி. இன்னொன்றில் நிலத்தின் வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும், எல்லாருக்கும் வரவு. பலகை அதே பலகை, ஆட்களும் அதே ஆட்கள். விதி மாறினால் முடிவு மாறுது. தமிழில் தலையெழுத்தும் விதி, சட்டமும் விதி. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைத்ததுதான் இங்கே நடந்த மோசடி.

அவர் வாழ்க்கை நேர்ரோட்டில் போகவில்லை. வாரம் 10 டாலர் சம்பளத்தில் வாழ முடியாமல் 1906இல், 'இளம் அமெரிக்க அடிமைப் பெண்' விற்பனைக்கு என்று தன்னையே பத்திரிகையில் விளம்பரம் செய்தார். ஊரே பேசியது. பிறகு பத்திரிகை நிருபரானார். 1924இல் திருத்திய ஆட்டத்துக்கு மறுபடி காப்புரிமை பெற்றார்.

இதற்குள் ஆட்டம் கைமாறிக் கைமாறிப் பரவியது. சார்லஸ் டாரோ என்பவர் நண்பர்களிடம் கற்று, 'மோனோபொலி' என்று பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்றார். கோடீஸ்வரர் ஆனார். 1935இல் மேகியின் காப்புரிமையைக் கம்பெனி 500 டாலருக்கு வாங்கியது. உரிமைத்தொகை கிடையாது. பொதுக் கருவூல விதி காணாமல் போச்சு; ஏகபோக விதி மட்டும் உலகம் சுற்றியது. 1940 மக்கள்தொகைக் கணக்கில் மேகி தன் தொழிலை 'விளையாட்டுகள் செய்பவர்' என்று பதிந்தார். வருமானம்: 0. 1948இல் இறந்தார். 1970களில் ரால்ஃப் அன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அதே கம்பெனியோடு வழக்காடியபோதுதான் அவர் பெயர் மேலே வந்தது.

இதை ஏன் ஏற்காட்டில் சொல்றேன்? 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்த மலை இது. மலையாளிப் பழங்குடி மக்கள் இன்றும் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறார்கள். மேகி கவிதைத் தொகுப்பு போட்ட அதே 1892இல்தான் நமக்குப் பஞ்சமி நில அரசாணை வந்தது. பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்று விதி இருந்தும் நிலம் கைமாறியது. அதைக் கேட்டதற்கு 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். 1947இல் அண்ணல் அம்பேத்கர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில், பண்ணையாரும் இல்லை, குத்தகையாளும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை என்று வேறொரு ஆட்டத்துக்கு விதி எழுதினார். அதை இன்னும் யாரும் ஆடிப் பார்க்கவில்லை. வங்கி கவுண்டரில் தினம் பார்க்கிறேன்: பட்டா உள்ளவனுக்குத்தான் கதவு திறக்குது.

மாணவத் தோழர்களே, ஊருக்குப் போனதும் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைக் கேளுங்கள். பஞ்சமி நிலத்தின் சர்வே எண்களைக் கட்டம் கட்டமாக எழுதி ஒரு பலகை வரையுங்கள். இப்போது யார் கையில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். தெருவில் பிள்ளைகளோடு ஆடுங்கள். வரைந்தவர் பெயரைக் கீழே மறக்காமல் போட்டுவையுங்கள்.