பழைய கதவும் புதிய கைப்பிடியும்



வீட்டில் நாள்தோறும் நம் கை படுகின்ற பொருள்களில் கதவின் கைப்பிடியைப் போல நம் கவனத்திற்கு ஆட்படாத பொருள் வேறொன்று இல்லை. கையோடு கழன்று வந்துவிட்ட அன்றுதான் அப்படி ஒன்று இருந்தது என்பதே நினைவிற்கு வருகிறது. இன்று அதைப் பற்றியே சிறிது பேச விரும்புகிறேன். நான் சொல்லப்போவது கரமனைக் கதவுகளின் கதை. ஆயினும் மும்பையிலோ தில்லியிலோ ஜாம்ஷெட்பூரிலோ இருந்துகொண்டு, ஊரில் ஒரு பழைய வீட்டையும் அதில் வயது முதிர்ந்த ஒருவரையும் வைத்திருக்கும் தமிழர் எவருக்கும் இது பயன்படக்கூடும்.

கரமனை திருவனந்தபுரம் நகரின் ஒரு பகுதி. அகத்தியர் மலையில் பிறந்து திருவல்லத்தைக் கடந்து கடலை அடையும் கரமனையாற்றின் கரையில் உள்ளது. திருநெல்வேலி, தஞ்சைச் சீமைகளிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்குள்ள அக்கிரகாரத் தெருக்களில் நிலைத்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாக அமைந்தபோது நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. கரமனை கேரளத்தில் நின்றது. நீங்கள் ஊரை விட்டுச் சென்று வேற்று மாநிலத் தமிழர் ஆனீர்கள். நாங்கள் திண்ணையை விட்டு இறங்காமலே அவ்வாறு ஆனோம்!

இதில் ஓர் ஆதாயமும் உண்டு. தமிழ்நாட்டில் வழக்கொழிந்த சில பழந்தமிழ்ச் சொற்களை இங்கே கடைத்தெருவில் கேட்கலாம். நாம் 'சாவி' என்று சொல்வது போர்த்துக்கீசியர் தந்த சொல். 'சன்னல்' என்பதும் அவர்கள் தந்ததே. மலையாளிகள் கதவின் கீலுக்கு வழங்கும் 'விஜாகிரி' என்ற சொல்லும் அவ்வழியில் வந்ததே. ஆனால் சாவியை மட்டும் அவர்கள் 'தாக்கோல்' என்கிறார்கள். தாழ் என்ற சொல் கோல் என்ற சொல்லோடு சேரும்போது எவ்வாறு புணரும் என்பதற்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் தனியே ஒரு விதி வகுத்திருக்கிறார். தாழக்கோல் என்பது அதற்கு எடுத்துக்காட்டு. இலக்கணத்தில் இடம்பெறும் அளவிற்கு அன்றே அது வீட்டுப் பொருளாக இருந்திருக்கிறது. கரமனையிலிருந்து சாலைக் கடைத்தெருவிற்குப் போய், "தாக்கோல் காணாமற் போய்விட்டது" என்று சொல்பவர், தம்மை அறியாமலே தொல்காப்பியத்தின் அருகில் நிற்கிறார்.

கதவைச் செய்தவனின் திறமையையும் நம் முன்னோர் கவனித்திருக்கின்றனர். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை வாயிலை வருணிக்கிறார். இரட்டைக் கதவுகள் இரும்பால் பிணிக்கப்பட்டுச் செவ்வரக்குப் பூசப்பட்டிருப்பதைச் சொல்லி, கைவல்ல கம்மியன் முடுக்கி இணைத்தமையால் அவற்றில் இடைவெளியே தோன்றவில்லை என்கிறார். அரசனின் பெருமையைச் சொல்ல வந்த இடத்தில் தச்சனின் பெருமையையும் சொல்லத் தோன்றிற்று அவருக்கு. வள்ளுவரோ காமத்துப்பாலில் மன உறுதியைக் கதவாகவும், நாணத்தை அதன் தாழாகவும் உருவகம் செய்தார். தாழின் தொழிலை நன்கு அறிந்தவருக்கே அது தோன்றும்.

இனி நம் வீட்டுக் கதவிற்கு வருவோம். அக்கிரகாரத்து வாயிற்கதவு பெரும்பாலும் பலா, ஆயினி, தேக்கு ஆகிய மரங்களில் ஒன்றால் செய்யப்பட்ட இரட்டைக் கதவு. பழைய கதவுகளில் கீல் இராது. கதவின் மேலும் கீழும் உள்ள குடுமி நிலையிலுள்ள குழியில் சுழலும். வெளிப்புறம் ஒரு பித்தளைக் குமிழும் அதில் தொங்கும் வளையமும் இருக்கும். உட்புறம் குறுக்குத் தாழும் நாதாங்கியும் இருக்கும். வளையத்தைப் பிடித்து நிற்பது ஓர் இரும்பாணி. அது கதவை ஊடுருவி உட்புறம் வந்து, இரண்டு கால்களாகப் பிரிந்து, மரத்தோடு மடக்கி அடிக்கப்பட்டிருக்கும்.

இந்த அமைப்பில் முதலில் கெடுவது எது என்று நினைக்கிறீர்கள்? நாள்தோறும் தேய்படும் வளையம் அன்று, கண்ணுக்குத் தெரியாத அந்த ஆணியே. காரணம் இயற்கை விதி. பித்தளையும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புக் கலந்த ஈரமும் சேருமாயின், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அதில் இரும்பு தன்னை இழந்து பித்தளையைக் காக்கிறது. கரமனையிலிருந்து கடல் சில கிலோமீட்டர் தொலைவில்தான். இடவப்பாதி மழை ஒரு முறை, ஐப்பசி மழை மறுமுறை என்று ஆண்டில் இருமுறை கதவு நனைகிறது. மேலே பித்தளை பளபளத்துக்கொண்டிருக்கும். உள்ளே ஆணி துருவாகிக் கொண்டிருக்கும். அந்தத் துரு மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருநீலக் கறையாகப் படரும். கைப்பிடியைச் சுற்றிக் கறுப்பு வளையம் கண்டால், ஆணியின் ஆயுள் முடிந்து வருகிறது என்று கொள்க.

பித்தளைக்கும் ஒரு நோய் உண்டு. அது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். உப்புக்காற்றில் நெடுங்காலம் இருந்தால் துத்தநாகம் மெல்லக் கரைந்து, செம்பு மட்டும் பஞ்சுபோல் மிஞ்சும். மஞ்சள் நிறத்தில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றுவது அதன் அடையாளம். அத்தகைய வளையம் ஒருநாள் முன்னறிவிப்பின்றி ஒடியும். அதைச் சுவரில் அழகிற்காக மாட்டலாம்; கதவில் வைத்திருத்தல் கூடாது.

ஆனால் கைப்பிடியை மாற்றுமுன் குற்றவாளி கைப்பிடிதானா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் பலகை குறுக்குவாட்டில் ஊதுகிறது. நெடுவாட்டில் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே கதவு அகன்று, இறுகிக்கொள்கிறது. குடுமி தேய்ந்தாலோ கதவு சற்றே இறங்குகிறது. தாழின் முனையில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து, கதவைச் சாத்தித் தாழைத் தள்ளுங்கள். நாதாங்கியில் வெண்மை எங்கே படிகிறது என்று பார்த்தால் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தெரியும். பல வீடுகளில் நாதாங்கியின் துளையை அரத்தால் ஒரு நெல்லளவு அகற்றியதோடு வேலை முடிந்துவிட்டது. கைப்பிடி விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

எங்கள் அத்தை வீட்டில் அவ்வாறு முடியவில்லை. எண்பதைக் கடந்த அத்தை தனியே இருக்கிறார். பிள்ளைகள் வடக்கே இருக்கிறார்கள். ஓர் ஐப்பசி மாதத்தில் அடைமழை பெய்த மறுநாட் காலை அவரால் கதவைத் திறக்க இயலவில்லை. ஊதிய மரம் தாழை இறுக்கிக்கொண்டது. பலங்கொண்டு இழுக்க உட்புறம் பிடியும் இல்லை. கைவிரல்களோ முடக்குவாதத்தால் மடங்காதவை. பால்காரர் கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை என்பதைக் கண்டு, அடுத்த வீட்டார் கொல்லைப்புறச் சுவரேறி உள்ளே போனார்கள். அத்தை கூடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். "கதவு நன்னாத்தான் இருக்கு, என் கைதான் பழசாயிடுத்து" என்றார். அன்று அவர் விழுந்து கிடக்கவில்லை என்பது நல்வினைப் பயன். விழுந்திருந்தால்?

அன்று மாலையே தொலைபேசியில் யோசனைகள் குவிந்தன. மூத்த மகன், விரல் வைத்தால் திறக்கும் மின்னணுப் பூட்டை வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். எண்ணம் நல்லதே. ஆனால் வயது ஏற ஏற விரல்நுனியின் ரேகைகள் மழுங்குகின்றன. அடுக்களையில் அறுபதாண்டு உழைத்த விரல்களைக் கருவி அறிந்துகொள்வது அரிது. மின்கலம் தீர்ந்துபோனதைக் கவனிக்கவும் ஒருவர் வேண்டும். இளைய மகனோ கதவையே மாற்றிவிடலாம் என்றார். நூறாண்டு நின்ற பலாக்கதவைக் கழற்றிவிட்டு, கடையில் அடுக்கி வைத்திருக்கும் பலகைக் கதவை மாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தச்சரும் என் பக்கமே நின்றார்.

நாங்கள் செய்தது இது. வெளிப்புறத்து வளையத்தை விட்டுவைத்து, அதன் ஆணியை மட்டும் மாற்றினோம். ஆணியை முன்புறமிருந்து பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் மரம் பிளக்கும். உட்புறம் மடங்கியிருக்கும் இரு கால்களின் அடியில் ஒரு தகரத்துண்டை வைத்து, தட்டை உளியால் மெல்ல நிமிர்த்தி, பின்னிருந்து தட்டி வெளியேற்ற வேண்டும். ஓட்டை அகன்றிருந்தால் அதே சாதி மரத்தில் முளை சீவி, பசையிட்டு அறைந்து, ஒருநாள் உலரவிட்டுப் பிறகு புதிதாகத் துளையிட வேண்டும். புதிய ஆணி பித்தளையாகவே இருத்தல் நலம். பித்தளைத் திருகாணி மென்மையானது; நேரே மரத்தில் முடுக்கினால் தலை ஒடியும். ஆகவே முதலில் அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை முடுக்கி வழி உண்டாக்கி, அதைக் கழற்றிவிட்டு, மெழுகு தடவிய பித்தளைத் திருகாணியைச் செலுத்த வேண்டும். பொறுமை இல்லாதவர் இந்த வேலையில் இறங்க வேண்டா.

உட்புறம் உருண்டைக் குமிழ் ஆகாது. அதைத் திருக விரல்கள் மடங்க வேண்டும். புறங்கையாலோ முழங்கையாலோ அழுத்தினாலும் இறங்கும் லீவர் கைப்பிடியே முதியோருக்கு ஏற்றது. தரையிலிருந்து ஏறத்தாழ 90 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் அது அமையட்டும். அதன் முனை கதவை நோக்கி வளைந்திருக்கட்டும். இல்லையேல் புடவைத் தலைப்பு மாட்டிக்கொண்டு ஆளையே தள்ளிவிடும். பலகையைக் குடைந்து உள்ளே பொருத்தும் பூட்டு, இரட்டைக் கதவின் குறுகிய சட்டத்தைப் பலவீனமாக்கும். பலகையின் மேல்முகத்தில் பொருத்தும் பூட்டே இங்கு உகந்தது. வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளை என்று சொல்லிவிடவும் முடியாது, துத்தநாகக் கலவையும் காந்தத்தில் ஒட்டாது. கண்ணுக்கு மறைந்த பக்கத்தில் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் மஞ்சள் தூள் வருகிறதா, சாம்பல் நிறம் வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதை இனிச் சொல்கிறேன். முதியவர் தனித்திருக்கும் வீட்டில், உள்ளிருந்து மட்டுமே திறக்கக்கூடிய தாழ் ஆபத்தானது. திருடனைத் தடுக்கும் அதே தாழ் உதவிக்கு வருபவரையும் தடுக்கிறது. ஆகவே வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்தி, பழைய குறுக்குத் தாழை இரவில் போடாமல் விட்டோம். இதற்கு அத்தை எளிதில் இணங்கவில்லை. தாழிடாத வீட்டில் உறக்கம் வராது என்றார். பூட்டு இருமுறை சுற்றுவதைத் தம் காதால் கேட்ட பிறகே ஒப்புக்கொண்டார். மறுசாவி ஒன்று அடுத்த வீட்டிலும், மற்றொன்று தெருக்கோடியில் உள்ள உறவினரிடமும் இருக்கின்றன. காற்றில் கதவு தானே சாத்திக்கொண்டு, அத்தை திண்ணையில் நிற்க நேர்ந்தாலும் அது உதவும்.

வெளியூர் நண்பர்கள் திருவனந்தபுரத்துப் பூட்டு என்றதும் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளையே கேட்கிறார்கள். உச்சநீதிமன்ற ஆணைப்படி 2011இல் அவ்வறைகள் திறக்கப்பட்டன. ஒன்று மட்டும் அப்போது திறக்கப்படவில்லை. கதவுகளைக் காண வேண்டுமெனில் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லுங்கள் என்பேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அந்த அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிக்கிறது. வீடு தமிழ்நாட்டில், சாவி கேரளத்தில்! பூட்டிற்கோ நம் திண்டுக்கல்லே பேர்பெற்றது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நீங்கள் குஜராத்துப் பக்கம் இருந்தால் ஜாம்நகரில் பித்தளைச் சாமான்களைத் தேடலாம்.

பித்தளையைப் புளியால் தேய்ப்பது நம் வழக்கம். தேய்த்த பின் புளிப்பு முழுதும் நீங்கக் கழுவித் துடைக்க வேண்டும். மூலைகளில் தங்கிய புளி பச்சையாகப் பூக்கும். செம்புக் கலவை உலோகங்களின் பரப்பில் நோய்க்கிருமிகள் விரைவில் அழிகின்றன என்பதை ஏற்று, 2008இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அவற்றைப் பதிவு செய்தது. பலர் கை படும் பிடிக்கு இது சிறிய நன்மை அன்று. மேலே வார்னிஷ் பூசிவிட்டால் அந்தப் பயன் கிட்டாது.

ஒரு செய்தி பாக்கி. மழைக்காலத்தில் பொருத்திய கைப்பிடி கோடையில் தளரும். மரம் வற்றுவதே காரணம். மாசி, பங்குனியில் ஊருக்கு வருபவர்கள் ஒரு திருப்புளியை எடுத்து நான்கு திருகாணிகளையும் கால் சுற்று முடுக்கிவிடுங்கள், அதற்குமேல் வேண்டா. அப்படியே மறுசாவி வைத்திருக்கும் அடுத்த வீட்டார் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.