கூப்பிடுறது யார் குரல்?

(ஆகஸ்ட் 10, கறுப்பு நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து மதத்தைச் சேராதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அதைத் திருத்தினார்கள். நமக்கு மட்டும் 'பொறு'. அரசாங்கம் சொல்லுகிற 'பொறு'வைப் பற்றி மற்ற தோழர்கள் பேசுவார்கள். கடவுள் கூப்பிட்டபோது நாம் அவருக்குச் சொன்ன 'பொறு'வைப் பற்றி நான் பேசவேண்டும். நாம் என்ன, நானே சொன்னேன்.

சாமுவேல் கதை உங்களுக்குத் தெரியும். சின்னப் பையன், கோயிலில் படுத்திருக்கிறான். ராத்திரி ஒரு குரல் கூப்பிடுது. கடவுள் என்று அவனுக்குத் தெரியாது. கண் மங்கிப்போன பெரியவர் ஏலிதான் கூப்பிடுறார்னு எழுந்து ஓடுறான். 'நான் கூப்பிடலையே, போய்ப் படு' என்கிறார். மறுபடி குரல், மறுபடி ஓட்டம். மூணாவது தடவைதான் ஏலிக்கே உறைக்குது, கூப்பிடுவது ஆண்டவர் என்று. பிரசங்கத்தில் நாலாவது தடவையைத்தான் பேசுவாங்க. நான் முதல் மூணு தடவையைப் பார்க்கிறேன். ஒரு வயசாளி கூப்பிட்டதா நெனச்சு தூக்கத்தை விட்டு ஓடினானே, அவனுக்குத்தான் கடவுள் குரல் கேட்டது. மனுசன் கூப்பிட்டு எழும்பாதவன் கடவுள் கூப்பிட்டா எழும்புவானா?

நான் எழும்பல. முப்பது வருசம் இருக்கும். எங்க கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு சுவர். கிழக்கே ஊர்க்காரங்க, மேற்கே நாம. ஒரு ராத்திரி நம்ம தெருப் பையன்கள் நாலு பேர் கதவைத் தட்டினாங்க. 'வாத்தியாரய்யா, சுவரை எடுக்கச் சொல்லி ஆயருக்கு மனு எழுதியிருக்கோம். மொதக் கையெழுத்து நீங்க போடணும்'னாங்க. எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. மூணு பிள்ளைங்க. 'திருவிழா முடியட்டும் தம்பி, கொடியேத்துற நேரத்துல கலாட்டா வேணாம்'னேன். அவங்க போனபிறகு முழங்கால் போட்டு, 'ஆண்டவரே, உமது சித்தத்தைக் காட்டும்' என்று ஜெபம் பண்ணினேன். காட்டினவரை அப்பத்தான் வாசலோட திருப்பி அனுப்பியிருந்தேன்.

திருவிழா முடிஞ்சது. தேர் வழக்கம்போல நம்ம தெருவுக்கு வரல. அப்புறம் பரீட்சை, அப்புறம் அறுப்பு. அதுக்குள்ள எங்க பெரியம்மா இறந்துபோனாங்க. அம்பது வருசம் அந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்கினவங்க. 'என்னைச் சுவருக்கு அந்தாண்ட வைங்கடா'ன்னு கேட்டவங்க. மேற்கேதான் குழி வெட்டினோம். மூணு பிடி மண் போட்ட கையோட அந்தப் பையன்களைத் தேடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. பேனாவில மண் ஒட்டியிருந்துச்சு.

மோசேயும் இழுத்தடிச்சவர்தான். எரியிற முட்செடி முன்னால நின்னு, நான் யாரு, என்னை நம்புவாங்களா, எனக்குப் பேச வராது, வேற ஆளை அனுப்பும்னு சாக்குச் சொன்னார். ஆண்டவருக்குக் கோபம் வந்தது. வராதா? செங்கல் அறுக்கிற அடிமைகளோட அலறல் காதில் விழுந்துதானே அவர் கூப்பிட்டார்? இங்கே தள்ளிப்போடுற ஒவ்வொரு நாளும் அங்கே ஒருத்தன் முதுகில அடி விழுது. கடைசியில் கிளம்பின ராத்திரி மாவு புளிக்கக்கூட நேரமில்லை. இடுப்பைக் கட்டிக்கிட்டு, செருப்புப் போட்டுக்கிட்டு, கையில் கோலோட அவசர அவசரமாச் சாப்பிட்டுக் கிளம்பினாங்க. பூசையில் நம்ம நாக்கில வைக்கிறது அந்தப் புளிக்காத அப்பம்தான். அதைத் தின்னுட்டு நாம நிதானமா வீட்டுக்குப் போயிடுறோம்.

'ஆண்டவர் குறிச்ச நேரம்னு ஒண்ணு இருக்கு' என்பார்கள். என்ன செய்யறதுன்னு தெரியாதவன் காத்திருந்து ஜெபிக்கட்டும். தெரிஞ்சபிறகும் காத்திருக்கிறதுக்கு ஜெபம்னு பேர் வைக்காதீங்க. அது பயம். பயப்படுறது குத்தமில்லை. மோசே பயத்தோடதான் போனார், ஆனா போனார்.

அந்தச் சுவர் இன்னும் நிக்குது. புது மனு வாசல்கிட்ட மேசையில இருக்கு. மொதக் கையெழுத்தை இந்தத் தடவை நான் போட்டுட்டேன். அடுத்த எடம் காலியா இருக்கு. நாளைக்கு வந்து போடுறேன்னு யாரும் சொல்லாதீங்க. எங்க பெரியம்மா அப்படித்தான் மேற்கே கிடக்காங்க.

ஜெய்பீம்.