முதல் கெடாமல்

கொடையும் ஊர் வளர்ச்சியும் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணியைத் தேர்ந்தெடுத்தது பொருத்தம். ஊர்ப் பெயரிலேயே ஊரணி இருக்கிறது. ஊரே உண்ணும் நீர் அது. ஊரணியை வெட்டிக் கொடுத்தவர் பெயர் பல ஊர்களில் மறந்துபோயிற்று. அதில் இறங்கிக் கால் கழுவக் கூடாது என்ற கட்டு மட்டும் மறக்கவில்லை. கொடை நிலைப்பது அந்தக் கட்டால்தான் என்பது என் கட்சி.

இங்கிருந்து தெற்கே திருச்செந்தூரில் பாண்டியன் வரகுணனின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கோயில் செலவுக்கு அவன் 1400 காசு கொடுத்தான். அந்தக் காசைக் கோயில் பெட்டியில் வைக்கவில்லை. முத்துக்குப் பேர்போன கொற்கை உட்படப் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுத்தான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் பொலிசை, அதாவது வட்டி. முதல் கெடக் கூடாது, பொலிசையில் மட்டும் செலவு நடக்க வேண்டும். கொடுத்தவன் அரசன், காத்தவர்கள் ஊரார்.

நம் காலத்துக்கு வருவோம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135, பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது; தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் உள்ள தூத்துக்குடிக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் 2021 ஜனவரித் திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பு முதலாக வைத்துக்கொள்ளும் நிலைநிதிக்குக் கொடுக்கும் பணம் இந்தக் கணக்கில் சேராது. பணம் முடங்கக் கூடாது என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆயினும் வரகுணன் செய்ததை இன்று ஒரு கம்பெனி செய்தால் அது கணக்கில் ஏறாது என்பதை இந்த அவை யோசிக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்தேன். சுவரில் பளிங்குக் கல்வெட்டு, கொடுத்தவர் பெயர், திறந்த நாள். கதவில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே வடிகட்டி மாற்றக் காசில்லை, கரண்ட் பில் யார் கட்டுவது என்று தீரவில்லை. சற்றுத் தள்ளி, உப்பளத்துக்குப் போகும் பெண்கள் இரண்டு லிட்டர் பாட்டிலில் விலைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பகல் முழுக்க உப்புநீரில் நிற்கும் கால்கள் அவை. வெடிப்புகளில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது.

தூத்துக்குடிக்கு 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தை இந்த ஊர் இன்னும் கொண்டாடுகிறது. அந்தக் குழாய்க்குப் பின்னால் வரி வாங்கும் நகராட்சி இருந்தது. பழுது வந்தால் கேட்க ஆள் இருந்தது. விருதுநகர் வியாபாரிகளின் மகமையும் அப்படித்தான். மூட்டைக்கு இவ்வளவு என்று தாங்களே எடுத்து வைத்த பணத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அவர்களின் சமூக அமைப்பான உறவின்முறையில் எழுந்து நின்று கணக்குக் கேட்க முடிந்தது.

கட்டுரையாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். எத்தனை கட்டடம், எத்தனை பயனாளி என்பதோடு உங்கள் அட்டவணை முடிய வேண்டாம். கொடை வந்து ஐந்தாம் ஆண்டில் சாவி யாரிடம் இருந்தது, பில்லை யார் கட்டினார்கள், கணக்கு எந்தக் கிராமசபையில் வாசிக்கப்பட்டது என்ற மூன்று பத்திகளையும் சேருங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.