கடன் என்னும் சொல்



இத்திருவிழா நன்னாளில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு சிந்திக்க விழைகின்றேன். அச்சொல் ‘கடன்’ என்பது.

பிறரிடம் வாங்கிய பொருளும் கடன். செய்தே தீரவேண்டிய செயலும் கடன். காலைக்கடன், நீர்க்கடன், நேர்த்திக்கடன் என்று நாள்தோறும் வழங்குகின்றோம். இதனோடு உறவுடைய ‘கடமை’ என்னும் சொல், சோழர் காலக் கல்வெட்டுகளில் அரசுக்கு இறுக்கும் வரியைக் குறித்து நிற்கின்றது. வாங்கியதைத் திருப்பித் தருதல் நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. செய்யத்தக்கதைச் செய்தலும் அத்தகையதே என்பதை இச்சொல்லே உணர்த்துகின்றது.

ஆயினும் இரண்டற்கும் வேற்றுமை ஒன்றுண்டு. பொருட்கடன் கொடுத்தால் தீரும். அன்பினால் ஆற்றும் கடன் ஆற்ற ஆற்ற வளரும். இதனை வாழ்ந்து காட்டியவர் அப்பரடிகள்.

ஐந்தாம் திருமுறையில், திருக்கடம்பூர்ப் பதிகத்துள், ஒரே பாட்டில் இச்சொல்லை இருமுறை ஆள்கின்றார் அடிகள். தம்மைத் தாங்குவது இறைவன் கடன் என்கின்றார். பணி செய்திருப்பது தம் கடன் என்கின்றார். ‘நீ தாங்கினால் நான் செய்வேன்’ என்னும் பேரம் அங்கே இல்லை. இறைவன் கடனை இறைவனிடமே விட்டுவிட்டுத் தம் உழவாரத்தை எடுத்துக்கொண்டார். திருப்புகலூரில் அவர் உழவாரம் செய்த இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தன. அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே வாரிக் குளத்தில் எறிந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. கூலி கருதியவராயின் எறிந்திருப்பாரா?

அத்துணை உயர்ந்த சொல்லை நாம் என்ன செய்தோம்? ஒருவன் மனமின்றி வேலை செய்தால், ‘கடனே என்று செய்தான்’ என்கின்றோம். அடியார் போற்றிய சொல் நம் வாயில் சலிப்பின் பெயராயிற்று.

பிறரைக் குறை கூற வரவில்லை. என் அன்னையார் நோயுற்றுக் கிடந்த காலத்து ஒரு மாலை, கஞ்சிக் கிண்ணத்தை அருகில் வைத்துவிட்டு, முகத்தையும் பாராமல் சொற்பொழிவுக்கு விரைந்தேன். ‘நீ போய் வா, அப்பா, நான் மெல்லக் குடித்துக்கொள்கிறேன்’ என்றார். அன்று மேடையில் நான் விரித்துரைத்த பொருள் அப்பரடிகளின் தொண்டு! இரவு திரும்பியபோது கஞ்சி ஆறி, ஆடை படிந்து, அப்படியே இருந்தது. கிண்ணத்தைத் தூக்கும் வலிமை அவருக்கு இல்லை என்பதை நான் நின்று பார்க்கவில்லை. செய்ததாகக் கணக்குண்டு, கடன் ஆற்றப்படவில்லை.

அன்பர்களே! தேர் நிலைக்கு வந்தபின் வீதியெல்லாம் இலையும் பூவும் இறைந்து கிடக்கும். அவற்றை வாரும் கை அப்பரடிகளின் கை. இல்லத்திலும் ஒரு கிண்ணம் காத்திருக்கலாம். அதனை ஏந்தும்போது முகத்தைப் பார்த்து ஏந்துங்கள். ‘கடனே’ என்னும் சொல் அன்றுதான் தன் பழைய பொருளை மீண்டும் பெறும்.

திருச்சிற்றம்பலம்.